கை நாடியும் இருதய சிகிச்சையும்

சிவகாசிப் பக்கத்தில் "மருந்து" என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை, அது பேசப்படும் இடத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாசு ஆலையில் மருந்து என்றால் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் சேர்ந்த கலவை. அதே தொழிலாளி மாலையில் டாக்டரின் வாசலில் நின்று மருந்து கேட்டால் அது வேறு. இவ்விரண்டு மருந்துகளும் உறவு கொண்டாடும் இடம் ஒன்று உண்டு என்று சொன்னால் வாசகர்களிற் பலர் வியப்படையக்கூடும். அந்த இடம் இருதய நோயாளியின் மணிக்கட்டு. பாறையைப் பிளக்கும் டைனமைட்டுக்கு உயிராக இருந்த நைட்ரோகிளிசரின் என்னும் திரவமே, இன்று மணிக்கட்டு நாடி இறுகிப்போகாமல் காக்கும் மருந்தாக ஆஸ்பத்திரிகளில் பிரயோகமாகி வருகிறது. அதைப்பற்றியும், அதனினும் முக்கியமாக, நாடி இறுகுவதைத் தடுக்க வைத்தியர்களும் சர்க்காரும் ஜனங்களும் செய்யக்கூடியவை பற்றியும் இங்கே எழுத விரும்புகிறோம்.

இது டாக்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விஷயமாயிற்றே, தினசரிப் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விருதுநகரில் பிறந்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். விருதுபட்டி என்று அந்நாளில் வழங்கிய அந்த ஊரில் 1903-ம் வருஷம் ஜூலை 15-ந் தேதி பிறந்த காமராஜ் அவர்கள், 1975-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தியன்று பகலில், சென்னையில் தமது இல்லத்தில் மாரடைப்பால் காலமானார். அன்று உலகில் எந்த வைத்தியரிடமும், அடைபட்ட இருதயக் குழாயை நெஞ்சைப் பிளக்காமல் திறக்கும் வித்தை இருக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1977-ம் வருஷம் செப்டம்பர் 16-ந் தேதிதான், ஸ்விட்ஸர்லாந்தில் ஜூரிச் நகரில் ஆந்திரியாஸ் குருயென்ட்ஸிக் என்ற டாக்டர், சிறு பலூனைக் குழாய்க்குள் செலுத்தி ஊதி அடைப்பை விலக்கிக் காட்டினார். இன்று அதே சிகிச்சை மதுரையிலும் திருநெல்வேலியிலும் நடைபெறுகிறது. சாத்தூர் சம்சாரியும் திருத்தங்கல் தீப்பெட்டித் தொழிலாளியும் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அதற்காகப் பஸ் ஏறுகிறார்கள். ஆகவே இது பொது விஷயமே. (விருதுநகரின் எண்ணெய்ப் பரோட்டாவுக்கும் இந்தப் பஸ் யாத்திரைக்கும் உள்ள சம்பந்தத்தைப்பற்றி இன்னொரு நாள் எழுதுவோம். அந்தப் பரோட்டாவின் அபிமானிகள் நமது காரியாலயத்திலும் இருக்கிறார்கள்.)

இருதயத்துக்குள் குழல் செலுத்தும் முறை பிறந்த கதையே ஒரு சாகஸக் கதை. 1929-ம் ஆண்டில் ஜெர்மனியில் எபெர்ஸ்வால்டே என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில் பணிபுரிந்த வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற வாலிப டாக்டர், தமது முழங்கைச் சிரையைத் தாமே கீறி, அதன் வழியே ஒரு மெல்லிய குழலைத் தமது இருதயம்வரை செலுத்தி, அப்படியே எக்ஸ்ரே அறைக்கு நடந்து சென்று படம் எடுத்துக்கொண்டார். அன்று அவருக்குக் கிடைத்தது பாராட்டு அல்ல. நோபல் பரிசு வருவதற்கு 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் 1958-ல் அமெரிக்காவில் கிளீவ்லண்ட் நகரில் மேஸன் ஸோன்ஸ் என்பவர் இருதயத்தின் சொந்த ரத்தக் குழாய்களில் சாயத்தைச் செலுத்திப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். அவர் முழங்கை மடிப்பைக் கீறிக் குழாயை வெளியே எடுத்து வேலை செய்தார். 1967-ல் ஜட்கின்ஸ் என்ற டாக்டர் தொடைச் சந்தில் ஊசி குத்திச் செல்லும் வழியைப் பிரபலப்படுத்தினார். அதிலிருந்து ஏறக்குறைய முப்பது வருஷ காலம் தொடைதான் இராஜபாட்டையாக இருந்தது.

1989-ல் கனடாவில் மான்ட்ரியல் இருதய ஸ்தாபனத்தைச் சேர்ந்த லூசியன் காம்போ, நூறு நோயாளிகளிடம் மணிக்கட்டு நாடி வழியாக முயன்று பார்த்ததை எழுதி வெளியிட்டார். 1992-ல் ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனே என்ற டாக்டர் அதே வழியாக அடைப்பை நீக்கி ஸ்டென்ட் என்னும் வலைக்குழாயையும் வைத்தார். நம் நாட்டில் இம்முறையைப் பரப்பியவர்களில் ஆமதாபாத் தேஜஸ் படேலின் பெயர் முன்னணியில் நிற்பது. நமது சித்த வைத்தியர்கள் வாதம், பித்தம், கபம் என்று மூன்று விரல் வைத்துப் பார்த்து வந்த அதே நாடிதான் இது. கட்டை விரலின் அடியில் எலும்பின்மேல் துள்ளுகிற அந்தக் குழாயை ஆங்கில வைத்தியத்தில் ரேடியல் நாடி என்கிறார்கள்.

தொடையை விட்டுக் கைக்கு வந்ததில் என்ன லாபம்? தொடை நாடி ஆழத்தில் இருக்கிறது. அதிலிருந்து ரத்தம் கசிந்தால் வெளியே தெரியாமல் வயிற்றுக்குள் சேரக்கூடும். மணிக்கட்டு நாடியோ தோலுக்கு அடியிலேயே, எலும்பின்மேல் கிடக்கிறது. விரலால் அமுக்கினால் ரத்தம் நின்றுவிடும். 2011-ல் வெளியான ரைவல் என்ற பரிசோதனையில் 32 நாடுகளைச் சேர்ந்த 7,021 நோயாளிகள் பங்கு கொண்டனர். குத்திய இடத்து ரத்தக் குழாய்க்குப் பெரிய தீங்கு நேர்ந்தவர்கள் தொடை வழியில் நூற்றுக்கு 3.7 பேர், கை வழியில் 1.4 பேர். 2015-ல் வெளியான மேட்ரிக்ஸ் பரிசோதனையில் 8,404 பேர். அதில் கை வழியில் மரணமும் குறைவு என்று கண்டார்கள். நூற்றுக்கு 2.2 என்றிருந்தது 1.6 ஆயிற்று. வித்தியாசம் சிறியதாகத் தோன்றலாம். ஆயிரம் பேரில் ஆறு உயிர் என்று கணக்கிட்டால் அதன் பெருமை விளங்கும்.

இந்தப் புள்ளி விவரங்களில் சேராத லாபம் ஒன்று உண்டு. தொடையில் குழல் செலுத்தப்பட்டவர் பல மணி நேரம் காலை அசைக்காமல், மல்லாந்த நிலையில், சிறுநீருக்குக்கூட எழுந்திருக்காமல் கிடக்க வேண்டும். நமது கிராமத்துத் தாய்மார்களுக்கு, அன்னிய ஆடவர் முன்னிலையில் தொடைச் சந்தைத் திறந்து காட்டுவதே பாதி உயிர் போனதற்குச் சமானம். கை வழியில் சிகிச்சை பெற்றவரோ சிறிது நேரத்துக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்து காப்பி அருந்துகிறார். இதனால்தான் ஐரோப்பிய இருதய வைத்திய சங்கமும் கை வழியையே முதல் வழியாகக் கொள்ளும்படி சிபார்சு செய்திருக்கிறது.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு, இக்கட்டுரையின் பொருள் அதுதான். மணிக்கட்டு நாடி குறுகலானது. அதன் உள்விட்டம் பெரும்பாலோருக்கு இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர். ஸ்திரீகளுக்கும் மெலிந்த தேகமுடையவர்களுக்கும் இன்னும் சிறிது குறைவு. அதற்குள் முதலில் ஓர் உறைக்குழாயைச் செருகி, அதன் வழியாகக் கதீட்டர் என்னும் நீண்ட குழலைச் செலுத்துகிறார்கள். வழக்கமாக உபயோகிக்கும் ஆறாம் நம்பர் கதீட்டரின் பருமன் இரண்டு மில்லிமீட்டர். அதைத் தாங்கும் உறையின் வெளிவிட்டம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர். கணக்கைப் பார்த்தாலே இடநெருக்கடி தெரிகிறது. குறுகிய சந்தில் அகன்ற வண்டியை ஓட்டுவது போன்ற காரியம்.

சந்தின் சுவர் சும்மா இருந்தாலும் பரவாயில்லை. இந்த நாடியின் சுவர் தசையால் ஆனது. உடம்பின் பல நாடிகளைவிடத் தன் அளவுக்குத் தடித்த தசை. அத்தசையில், பயத்தின்போது உடலில் சுரக்கும் அட்ரினலின் போன்ற ரசங்களுக்குக் கட்டுப்படும் நுண்ணிய வாயில்கள் மிகுதியாக இருக்கின்றன. பயமோ, வலியோ, ஊசியின் உறுத்தலோ, குழலின் உராய்வோ ஏற்பட்ட மாத்திரத்தில் தசை சுருங்கிக் குழலைக் கவ்விக்கொள்கிறது. இதைத்தான் டாக்டர்கள் ஸ்பாஸம் என்கிறார்கள். நம் தமிழில் இசிவு என்ற அருமையான சொல் இருக்கிறது. இசிவு வந்தால் நோயாளிக்கு முன்கை முழுவதும் கடுமையான வலி. வலியால் பயம், பயத்தால் மேலும் அட்ரினலின், அதனால் மேலும் இசிவு. டாக்டரோ குழலைத் திருப்பவும் முடியாமல், முன்னே தள்ளவும் முடியாமல், சில சமயம் வெளியே இழுக்கவும் முடியாமல் திண்டாடுகிறார். ரைவல் பரிசோதனையில் கை வழியாகத் தொடங்கியவர்களில் நூற்றுக்கு 7.6 பேருக்கு அவ்வழியைக் கைவிட்டு வேறு வழி தேட நேர்ந்தது. காரணங்களில் இசிவு முதன்மையானது. மாரடைப்பு வந்து நிமிஷம் நிமிஷமாக இருதயத் தசை அழிந்துகொண்டிருக்கும்போது வழி மாறுவது எத்தகைய நஷ்டம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

யாருக்கு இசிவு அதிகம் வருகிறது? ஸ்திரீகளுக்கு, வயதில் இளையவர்களுக்கு, சிறுகூடான தேகமுள்ளவர்களுக்கு, நாடி குறுகியவர்களுக்கு, ஊசி பலமுறை தவறிக் குத்தப்பட்டவர்களுக்கு. இந்த வரிசையைப் படித்ததும் நம் மனக்கண்முன் நிற்பது யார்? வெம்பக்கோட்டையிலும் சாத்தூரிலும் தரையில் அமர்ந்து சரம் பின்னுகிற, திரி செருகுகிற, குழாய் உருட்டுகிற பெண் அல்லவா? கை வழியால் மிகுந்த பயன் அடையக்கூடியவளும் அவள்தான். இசிவுக்கு எளிதில் இலக்காகிறவளும் அவள்தான். அவளுக்கு விரல்களே முதல். வேறு சொத்து இல்லை.

இசிவை வந்தபின் விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே சுலபம் என்று அனுபவஸ்தர்கள் அனைவரும் ஒருமுகமாகக் கூறுகிறார்கள். தடுப்பு, மருந்தில் தொடங்குவதில்லை. நோயாளியின் மனத்தில் தொடங்குகிறது. 2013-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 2,013 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் மனத்தையும் வலியையும் அடக்கும் மருந்துகளைச் சிறிதளவு முன்கூட்டியே கொடுத்தார்கள். அப்பிரிவில் இசிவு நூற்றுக்கு 2.6 பேருக்கு வந்தது. மற்றப் பிரிவில் 8.3 பேருக்கு. நாடிக்குள் யாதொன்றும் கூடுதலாகச் செய்யாமல் பயத்தை மட்டும் தணித்ததற்கே இவ்வளவு பலன்!

இங்கே, சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் நாம் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க இயலாது. சிகிச்சைக்கு முன் நோயாளியிடம் சம்மதப் பத்திரம் வாங்குகிறார்கள். பல இடங்களில் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. கைநாட்டு வைக்கும் கிழவியிடம், "எல்லாவற்றையும் படித்து விளங்கிக்கொண்டு இஷ்டப்பூர்வமாகக் கையெழுத்திடுகிறேன்" என்ற வாசகத்தை நீட்டுவது சட்டத்துக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நோயாளி விளங்கிக்கொண்டு தரும் சம்மதமே சம்மதம் என்று 2008-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டும் ஒரு வழக்கில் தெளிவாகக் கூறியிருக்கிறது. ஆனால் நாம் இப்போது வாதிப்பது சட்டத்துக்காக மட்டும் அல்ல. "அம்மா, கையில் ஓர் ஊசி போடுவோம், எறும்பு கடித்தாற்போல் இருக்கும். மருந்து உள்ளே போகும்போது கை காந்தும். அரை நிமிஷத்தில் அடங்கிவிடும். கையை மட்டும் அசைக்காதீர்கள், வலித்தால் உடனே சொல்லுங்கள்" என்று முதல் நாளே ஒருவர் தமிழில் பக்கத்தில் அமர்ந்து கூறினால், அது தருமம் மட்டும் அல்ல, சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும். எதிர்பாராத காந்தலுக்கு நாடி அஞ்சும். எதிர்பார்த்த காந்தலுக்கு அவ்வளவு அஞ்சாது. இதற்கு நிர்வாகத்துக்கு ஒரு காசு செலவில்லை. செலவில்லாத காரியங்களே நம் நாட்டில் மிகவும் தாமதமாக நடப்பவை.

அடுத்தது ஊசி குத்தும் கை. முதல் முயற்சியிலேயே நாடிக்குள் செல்வதைப் போன்ற தடுப்பு முறை வேறில்லை. தவறிய ஒவ்வொரு குத்தும் நாடியை எரிச்சலூட்டுகிறது. மரப்பு மருந்தைத் தோலுக்கு அடியில் போதிய அளவு செலுத்திச் சற்றுப் பொறுக்க வேண்டும். அவசரத்தில் பாதி மரத்த தோலில் குத்துவது வினையை விலைக்கு வாங்குவதாகும். நாடி தட்டுப்படாத மெலிந்த கைகளில், அல்ட்ராஸவுண்ட் கருவியால் குழாயைக் கண்ணால் பார்த்துக்கொண்டே குத்தும் பழக்கம் வளர்ந்து வருகிறது. இதனால் தவறிய குத்துக்கள் குறைகின்றன. குழாயின் அகலத்தை அளந்து, அதற்கேற்ற உறையைத் தேர்ந்துகொள்ளவும் முடிகிறது. குளிர்ந்த அறையில் கை சில்லிட்டுப் போனால் நாடி ஒடுங்கும். முன்கையைக் கதகதப்பாக வைத்துக்கொள்வது நல்லது. படம் எடுக்கும் அறைகளில் யந்திரங்களுக்காகக் குளிர்ச்சியைக் கூட்டி வைக்கிறார்கள். நோயாளிக்கு ஒரு கம்பளி கொடுத்தால் யந்திரம் கோபித்துக்கொள்ளாது.

உறைக்குழாய் விஷயத்துக்கு வருவோம். பழைய உறைகள் வெறும் பிளாஸ்டிக். நனைந்தால் பாசி படிந்த படிக்கட்டுப் போல் வழுக்குகிற பூச்சுடைய உறைகள் பின்னர் வந்தன. 2010-ல் வெளியான ஓர் ஆராய்ச்சியில் 790 நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டார்கள். வெறும் உறையில் நூற்றுக்கு 39.9 பேருக்கு இசிவு. வழுக்கும் உறையில் 19.0 பேருக்கு. உறையின் நீளத்தால் வித்தியாசம் ஒன்றும் ஏற்படவில்லை. இத்தகைய உறைகளைச் செய்வதில் பெயர் பெற்றது ஜப்பானின் டெருமோ கம்பெனி. 1921-ல், நல்ல உஷ்ணமானிகளை உள்நாட்டிலேயே செய்ய வேண்டும் என்று டாக்டர்கள் சிலர் கூடி ஆரம்பித்த ஸ்தாபனம் அது. சுவரை மெல்லியதாக்கி, உள்ளே ஆறாம் நம்பர் குழலுக்கு இடம் கொடுத்து, வெளியே ஐந்தாம் நம்பர் உறையின் பருமனே உள்ளதாக அவர்கள் செய்த உறை, குறுகிய கைகளுக்கு ஒரு வரப்பிரசாதம். 1923-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து வளர்த்த சிவகாசிக்குக் "குட்டி ஜப்பான்" என்ற பெயர் வழங்குகிறது. பெரிய ஜப்பான் செய்வதைக் குட்டி ஜப்பானோ, அதன் அண்டை ஊர்களோ செய்ய முடியாதென்று நாம் நம்பவில்லை. இந்நாட்டிலேயே ஸ்டென்டுகள் செய்யப்படுகின்றன. அவற்றின் விலைக்கு 2017-ம் ஆண்டு பிப்ரவரியில் இந்திய சர்க்கார் உச்ச வரம்பு விதித்ததையும் வாசகர்கள் அறிவார்கள். ஸ்டென்டின் விலையைப்பற்றிப் பேசிய அளவு, அது செல்லும் வழியின் சௌகரியத்தைப்பற்றி எவரும் பேசுவதில்லை.

இனி மருந்து. 1847-ல் இத்தாலியில் டூரின் நகரில் அஸ்கானியோ ஸொப்ரேரோ என்ற ரசாயன நிபுணர், கிளிசரினுடன் வீரியமிக்க அமிலங்களைச் சேர்த்து நைட்ரோகிளிசரினைக் கண்டுபிடித்தார். நாக்கில் ஒரு துளி வைத்துப் பார்த்ததும் அவருக்கு மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்தது. தலையின் ரத்தக் குழாய்கள் விரிந்ததே அதற்குக் காரணம் என்பது பின்னால் தெரிந்தது. ஆல்ஃபிரட் நோபல் அதை அடக்கிப் பழக்கி 1867-ல் டைனமைட் ஆக்கினார். லண்டனில் வில்லியம் முரெல் என்ற டாக்டர் 1879-ல் அதையே நெஞ்சு வலிக்கு மருந்தாகக் கொடுத்து எழுதினார். டைனமைட் ஆலைகளின் தொழிலாளர்களிடம் ஒரு விசித்திரம் காணப்பட்டது: வாரக் கடைசி விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியதும் தலைவலி, இருதயக் கோளாறு உள்ளவர்களுக்கோ, விடுமுறையில் ஆலைக் காற்றைப் பிரிந்ததும் நெஞ்சு வலி! காற்றோடு கலந்த நைட்ரோகிளிசரினுக்கு அவர்களுடைய ரத்தக் குழாய்கள் அடிமைப்பட்டுவிட்டதே காரணம். 1896-ல், தமது மரணத்துக்குச் சில வாரங்களுக்கு முன், நோபலுக்கே டாக்டர்கள் அந்த மருந்தைச் சிபார்சு செய்தனர். விதியின் கேலி என்று அவர் நண்பருக்கு எழுதினார். அது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு விடை மேலும் நூறு ஆண்டுகளில் கிடைத்தது. உடலில் அது நைட்ரிக் ஆக்ஸைட் என்ற வாயுவை வெளியிட, அவ்வாயு குழாய்த் தசையைத் தளரச் செய்கிறது. ரத்தக் குழாய்கள் தாமே அவ்வாயுவைச் சுரந்து தளர்வதைக் கண்ட ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூவருக்கும் 1998-ல் கிடைத்தது, நோபல் பெயரால் வழங்கும் பரிசே.

சிவகாசிப் பட்டாசில் உள்ளது நைட்ரோகிளிசரின் அல்ல என்பதையும் சொல்லிவைக்கிறோம். அங்கே வழங்குவது வெடியுப்பு. ஒரே குலம், வேறு வீடு. பட்டாசு மருந்தை முகர்ந்தால் நெஞ்சு வலி தீரும் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம்.

மணிக்கட்டில் உறை செருகியவுடன் டாக்டர்கள் அதன் வழியே நைட்ரோகிளிசரினை 100 முதல் 200 மைக்ரோகிராம் வரை கொடுப்பது வழக்கம். இருநூறு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. இதனுடன் வெராபமில் என்ற மருந்தை இரண்டரை முதல் ஐந்து மில்லிகிராம் வரை சேர்ப்பதும் உண்டு. தசை சுருங்குவதற்குக் கால்சியம் உள்ளே நுழைய வேண்டும். வெராபமில் அந்தக் கதவை அடைக்கிறது. இரண்டும் வெவ்வேறு வாசலில் காவல் நிற்பதால் சேர்ந்தால் பலம். 2006-ல் ஃபிரெஞ்சு டாக்டர்கள் 1,219 நோயாளிகளிடம் செய்த ஆராய்ச்சியில், மருந்தில்லாதவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு இசிவு வந்தது. வெராபமில் இரண்டரை மில்லிகிராம் மட்டும் பெற்றவர்களில் 8 பேருக்கு. அதனுடன் நைட்ரோகிளிசரினைப் போலவே நைட்ரிக் ஆக்ஸைட் தரும் வேறொரு மருந்தையும் பெற்றவர்களில் 5 பேருக்கு. ரத்தம் உறையாதிருக்க ஹெபாரினும் கொடுக்கப்படுகிறது. ஆனால் இவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லோருக்கும் ஊற்றலாகாது. ரத்த அழுத்தம் தாழ்ந்தவர்களுக்கும், இருதயம் பலவீனப்பட்டவர்களுக்கும், துடிப்பு மந்தமானவர்களுக்கும் வெராபமில் ஆபத்து. மகாதமனி வாயில் மிகக் குறுகியவர்களுக்கு நைட்ரோகிளிசரினில் எச்சரிக்கை தேவை. மெல்லிய வழுக்கும் உறைகள் வந்துவிட்டபின் எல்லோருக்கும் எல்லா மருந்தும் வேண்டுமா என்று டாக்டர்களிடையே விவாதம் நடக்கிறது. அது அவர்கள் தீர்த்துக்கொள்ள வேண்டியது; நாம் அதில் தலையிடவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் இசிவு வந்துவிட்டால்? முதல் விதி, பலவந்தம் கூடாது. கவ்விக்கொண்ட நாடியிலிருந்து குழலை இழுத்துப் பறித்தால் நாடியின் உட்சுவரே உரிந்து வரக்கூடும். அப்படி நேர்ந்த சம்பவங்கள் வைத்திய ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. பொறுக்க வேண்டும். மேலும் நைட்ரோகிளிசரின் கொடுக்க வேண்டும். வலியடக்கி கொடுக்க வேண்டும். கையைக் கதகதப்பாக்க வேண்டும். அப்படியும் விடாவிட்டால் அக்குளில் நரம்பை மரக்கச் செய்வதும், ஆளையே தூங்கச் செய்வதும் உண்டு. தூங்கியவனின் நாடி தன் பிடியைத் தளர்த்திவிடுகிறது. குறுகிய, வளைந்த நாடிகளில் கதீட்டரின் கூரிய விளிம்பு சுவரைச் சுரண்டாமல் இருக்க, அதன் நுனியில் பாதி வெளியே நீட்டிய சிறு பலூனை ஊதிக்கொண்டு நழுவிச் செல்லும் உபாயத்தை மேலே சொன்ன தேஜஸ் படேலும் அவர் தோழர்களும் வகுத்திருக்கிறார்கள். ஒரே குழலால் இடது, வலது இருதயக் குழாய்கள் இரண்டையும் படம் எடுத்துவிட்டால், குழல்களை மாற்றி மாற்றி நுழைக்கும் உராய்வும் மிச்சம்.

காரியம் முடிந்தபின் மணிக்கட்டில் பட்டை கட்டுகிறார்கள். அதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. ரத்தம் நிற்க வேண்டும் என்று நாடியை முழுதும் நசுக்கிக் கட்டினால், அது உள்ளே உறைந்து நிரந்தரமாக மூடிப்போகலாம். கசிவு நிற்கும் அளவு மட்டும் அமுக்கி, உள்ளே ஓட்டம் நடக்கும்படி விட வேண்டும். 2008-ல் அமெரிக்காவில் சமீர் பஞ்சோலி என்ற இந்திய வமிச டாக்டரும் சகாக்களும் 436 பேரிடம் இதைச் செய்து பார்த்தார்கள். ஒரு மாதம் கழித்து நாடி மூடிக் கிடந்தவர்கள், பழைய முறையில் நூற்றுக்கு 7 பேர். புது முறையில் 1.8 பேர். நாடி மூடினாலும் சுண்டுவிரல் பக்கத்து நாடி உள்ளங்கைக்கு ரத்தம் ஊட்டுவதால் பெரும்பாலோருக்குத் தெரிவதே இல்லை. ஆயினும் இருதய நோய் ஒரு முறையோடு விடுவதில்லை. அடுத்த முறை அதே வழி வேண்டியிருக்கும். அதிலும் விரலால் பிழைக்கிறவர்களிடம் ஒரு நாடியை அநாவசியமாகச் செலவழிக்க நமக்கு உரிமை இல்லை. பட்டாசு விபத்தில் முன்கை வெந்து தழும்பேறியவர்கள் அதை வெட்கப்பட்டு மறைக்காமல் டாக்டரிடம் முன்னரே காட்ட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சொல்ல வேண்டும். எந்தக் கையில் குத்துவது, குத்தலாமா என்பதெல்லாம் அதைப் பொறுத்தவை.

சர்க்காருக்குச் சொல்ல வேண்டியவை சிலவே. தமிழ்நாட்டில் 2012 முதல் 2014 வரை சிறு ஆஸ்பத்திரிகளையும் பெரிய ஆஸ்பத்திரிகளையும் ஒரே வலையாகப் பின்னி மாரடைப்பு நோயாளிகள் 2,420 பேரைக் கவனித்த திட்டத்தில், ஓராண்டு மரணம் நூற்றுக்கு 17.6 என்பதிலிருந்து 14.2 ஆகக் குறைந்தது. 2023-ல் தொடங்கிய "இதயம் காப்போம்" திட்டத்தில் கிராம சுகாதார நிலையத்திலேயே ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், அடார்வாஸ்டாடின் மாத்திரைகளை முதல் உதவியாகக் கொடுத்து அனுப்புகிறார்கள். 2022 ஜனவரி 12-ந் தேதி விருதுநகருக்கும் ஒரு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அஸ்திவாரம் இருக்கிறது. இதன்மேல் நாம் கோருவது: சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு மருத்துவ சாதனங்கள் வாங்கும்போது உறைக்குழாயைக் குறைந்த விலைப்புள்ளி ஒன்றையே பார்த்துத் தீர்மானிக்காமல், வழுக்கும் பூச்சுடைய மெல்லிய உறைகள், சிறிய அளவுகள் உட்பட, எப்போதும் இருப்பில் இருக்கச் செய்ய வேண்டும். இருதய சிகிச்சை அறைகளில் கையைப் பார்க்கும் அல்ட்ராஸவுண்ட் கருவி ஒன்று இருக்க வேண்டும். சம்மதப் பத்திரம் தமிழில் இருக்க வேண்டும். அதை முதல் நாளே வாசித்து விளக்க ஒரு நர்ஸம்மாளுக்கு நேரம் ஒதுக்கித் தர வேண்டும். ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் எத்தனை பேருக்கு இசிவு வந்தது, எத்தனை பேருக்குத் தொடைக்கு மாற நேர்ந்தது, அவர்களில் ஸ்திரீகள் எத்தனை பேர் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து வருஷத்துக்கு ஒருமுறை பிரசுரிக்க வேண்டும். சிவகாசித் தொழிலதிபர்களும் தங்கள் தொழிலாளர்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க, தீபாவளி வேலை மும்முரத்துக்கு முன்னதாக, ஆலையிலேயே ஒரு நாள் ஏற்பாடு செய்யலாம்.